ஓய்வு பெற்றோருக்கு ஏன் மறைபணி இல்லை?

திருவள்ளூர் செல்லும் புறநகர் இரயிலில் திருநின்றவூரை அடுத்து வருவது வேப்பம்பட்டு. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலும் அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் உழைத்துக் களைத்தோர், சேமநிதிப் பணத்தில் மனை வாங்கிக் குடியேறிய பகுதி இது. இங்கு வாழும் ஓய்வு பெற்ற கத்தோலிக்கத் தம்பதியருக்கு நம் பங்குகள் வைத்திருக்கும் பணிதான் என்ன? ஞாயிறு வாசகம், மரியாயின் சேனைக் கூட்டம், திருவிழா நன்கொடைச் சீட்டு. அதற்குமேல் கேட்டால், "நீங்கள் இளைப்பாறுங்கள் ஐயா" என்னும் மரியாதையான மறுப்பு!

இத்தகையோரைத் தம்பதியராகவே கடல் கடந்த மறைபணிக்கு அனுப்ப வேண்டும் என்கிறோம் நாம். உடனே எழும் தடை வயது. மறைமாவட்டத்தை ஆளும் ஆயர் பதவி விலக முன்வர வேண்டிய வயது 75 என்கிறது திருச்சபைச் சட்டம். அப்படியிருக்க, 60 வயதில் ஆலையை விட்டு வெளிவந்த பொதுநிலையினர் மட்டும் எப்படி முதியோராயினர்? குளிர் ஒத்துக்கொள்ளாது என்பது அடுத்த தடை. மகளின் பிரசவத்திற்கென்று அமெரிக்கா செல்லும் தாய்மார் பத்தியப் பொடியோடு விமானம் ஏறி, பனிக்காலம் முழுவதையும் அங்கேயே கழித்துத் திரும்புகிறார்கள். அப்போது யாரும் அவர்கள் வயதை எண்ணுவதில்லை.

மறைபரப்பு குருக்களுக்கும் கன்னியருக்கும் உரியது என்போர் திருத்தூதர் பணிகள் நூலின் 18ஆம் அதிகாரத்தைத் திறக்கட்டும். உரோமையிலிருந்து வெளியேற்றப்பட்ட அக்கிலாவும் பிரிஸ்கில்லாவும் கொரிந்துவில் கூடாரம் செய்து பிழைத்தனர். பவுலடியாரைத் தம்மோடு தங்கவைத்தனர். எபேசுவில் அப்பொல்லோவுக்கே நெறியைத் தெளிவாக விளக்கினர். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும் பொதுநிலையினரை மறைபணியாளராக ஏற்கிறது. ஊட்டா மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட பிற்காலப் புனிதர் சபையினரோடு கோட்பாட்டில் நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் அவர்களுடைய ஓய்வு பெற்ற தம்பதியர் தம் சொந்தச் செலவில் ஆறு முதல் 23 மாதங்கள் வரை வெளிநாடுகளில் பணியாற்றுவதைப் பார்க்கையில் நமக்கு நாணம் எழுகிறது.

இது எளிது என்று நாம் சொல்லவில்லை. உணவும் குளிரும் சில வாரங்களில் பழகிவிடும். பழகாதது நிலை தாழ்தல். நாற்பது பேருக்கு மேற்பார்வையாளராய் இருந்தவர், ஆப்பிரிக்க மறைபணித் தளமொன்றில், தம் மகள் வயதுடைய கன்னியர் சொற்படி மருந்துப் பெட்டிகளை எண்ண வேண்டும். தெருவெல்லாம் தம் பேச்சால் ஆண்ட அம்மையார் சந்தையில் விரலால் சுட்டிக்காட்டிக் காய் வாங்க வேண்டும். முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியாரும் செபங்களைப் பிறர் துணையால் தமிழில் பெயர்த்து, மனப்பாடம் செய்தே தொடங்கினார். அப்போது அவருக்கு முப்பத்தாறு வயதுதான். இன்னொன்றையும் எவரும் வெளியில் சொல்வதில்லை. நாற்பதாண்டுகள் முறைவேலைக்கிடையே மாலையில் மட்டும் முகம் பார்த்த கணவனும் மனைவியும், மூன்றாவது தமிழர் இல்லாத ஊரில், ஒரே அறையில், நாள் முழுதும் ஒருவருக்கொருவர் மட்டுமே துணை. பழைய சண்டைகள் அங்கே தலைதூக்கும். நாற்பதாண்டுகளாகப் பேசாதவற்றை அங்கேதான் பேசவும் நேரிடும்.

ஆகவே நம் கோபம் தயங்கும் முதியோர்மீது அன்று. ஒரு குருவை உருவாக்க ஆண்டுக்கணக்கில் செலவிடும் திருச்சபை, தம்பதியருக்கு ஒரு சால்வையும் பிரிவுபசாரத் தேநீரும் போதும் என்று கருதுவதுதான் நமக்குப் பொறுக்கவில்லை. சிறப்புப் பணி ஏற்கும் பொதுநிலையினருக்குத் தகுந்த பயிற்சி வேண்டும், அவர்களுக்குச் சமூகப் பாதுகாப்பும் மருத்துவ உதவியும் பெறும் உரிமை உண்டு என்று அதே சட்டத்தொகுப்பின் 231ஆம் விதி கூறுகிறது. அதை எத்தனை பங்குப் பேரவைகள் படித்தன?

மொழி கற்க ஆறு மாதம் கொடுங்கள். இரத்த அழுத்த மாத்திரை அங்கே கிடைக்குமா என்று விசாரியுங்கள். கணவர் அங்கே இறந்தால் மனைவியை யார் அழைத்து வருவார்? பூட்டிய வேப்பம்பட்டு வீட்டுக்கு வரி கட்டுவது யார்? திரும்பி வந்தபின் அவர்கள் கண்டதைக் கேட்கப் பங்கில் ஒரு மாலையேனும் ஒதுக்கப்படுமா? விமானச் சீட்டு வாங்குமுன், அனுப்பும் மறைமாவட்டம் இவற்றுக்கெல்லாம் எழுத்தில் பதில் தரட்டும்.