சிப்பியும் தேசிக்காய்ப் புளியும்



கிழக்கிலங்கையின் நிந்தவூர்க் கடற்கரையில் பொறுக்கிய சிப்பி ஒன்றைத் தேசிக்காய்ப் புளிக்குள் போட்டுப் பாருங்கள். சின்னச் சின்னக் குமிழ்கள் எழும்பும். சிப்பியின் சுண்ணாம்பு கரையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

சுமார் 252 மில்லியன் வருடங்களுக்கு முன்னர் சைபீரியாவில் எரிமலைக் குழம்பு பெருகி ஓடியது. அது கக்கிய காபனீரொட்சைட்டைக் கடல் குடித்தது. தண்ணீரில் கரைந்ததும் அது அமிலமானது. ஆனாலும் கடல் ஒன்றும் தேசிக்காய்போலப் புளித்துவிடவில்லை. அதன் காரத்தன்மை குறைந்தது, அவ்வளவுதான். சுண்ணாம்பில் ஓடு கட்டி வாழும் உயிர்களுக்கு அந்த அளவே தாங்கவில்லை.

வெயிலில் வற்றிப் பாசி பிடித்த குளத்தில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளப்பதை குளக்கரை ஊரான இறக்காமத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. சூடேறிய தண்ணீரில் ஒட்சிசன் குறைவு. அழுகும் பாசி மிச்சத்தையும் தின்றுவிடும். அன்றைக்குச் சமுத்திரங்களே அப்படி மூச்சுமுட்டின. சில இடங்களில் அழுகிய முட்டை மணக்கும் ஐதரசன் சல்பைட்டும் சேர்ந்துகொண்டது. கடலினங்களில் பத்தில் எட்டுக்கு மேல் அழிந்தன என்பது கணிப்பு. அதன்பிறகு பல மில்லியன் வருடங்கள் கடலில் முருகைக்கற் பாறைகளே இல்லை.

நம் பக்கத்துப் பாறைகள் பூமிக்கடியில் வெந்து உருமாறியவை. இந்தக் கதைகளை அவற்றில் வாசிக்க முடியாது. கடல் தாண்டித் தமிழ்நாட்டின் அரியலூருக்குப் போனால், அம்மோனைட் என்னும் கடலுயிரின் சுருள் ஓடுகள் மண்ணிலிருந்து கிடைக்கின்றன. 66 மில்லியன் வருடங்களுக்கு முன் விண்கல் விழுந்து டைனோசர்கள் போன காலத்தோடு அந்தக் குலமும் முடிந்தது. அக்காலத்து நுண்ணுயிர் ஓடுகளை ஆராய்ந்தவர்கள், கடலின் மேற்பரப்பு சட்டென்று அமிலப்பக்கம் சாய்ந்ததை 2019இல் எடுத்துக்காட்டினார்கள்.

அந்தச் 'சட்டென்று'தான் வில்லங்கம். கடலிடம் மருந்து இருக்கிறது. மழை பாறையைக் கரைக்கும். ஆறுகள் அதைக் கொண்டுவந்து சேர்க்கும். கடல் மெல்லத் தேறும். ஆனால் அதற்கு ஆயிரக்கணக்கான வருடங்கள் வேண்டும். நாமோ எரிபொருள் எரித்து, இருநூறு சொச்சம் வருடங்களுக்குள் கடல் மேற்பரப்பின் பீ.எச். பெறுமானத்தை 8.2இலிருந்து 8.1க்கு இறக்கிவிட்டோம். இறங்கியது புள்ளி ஒன்று. புளிப்பைத் தரும் ஐதரசன் அயன் கூடியதோ ஏறக்குறைய 30 சதவீதம்.

பிள்ளைகளே, நீங்கள் போட்ட சிப்பி விரலால் நொறுங்கும் அளவுக்கு மெலிய எத்தனை நாள் எடுத்தது? கணக்கெடுத்து எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்