காலிமனைப் பட்டியலை வெளியிடுங்க, மரத்தை நாங்க நடுறோம்!



உங்க தெருவிலோ பக்கத்துத் தெருவிலோ ஒரு காலிமனை கட்டாயம் இருக்கும். துருப்பிடிச்ச தகர வேலி, உள்ளே கட்டட இடிபாடு, மழை பெய்தால் கொசு. "இது யாரு இடம்ங்க?" என்று கேட்டுப் பாருங்க. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாது, டீக்கடை அண்ணனுக்கும் தெரியாது. ஆனால் அரசாங்கத்துக்குத் தெரியும். அதுதான் விஷயமே.

சென்னைப் பெருநகரில் 10,000 சதுர மீட்டருக்கு மேல் உள்ள மனையில் கட்டுபவர், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தே ஆகணும். 3,000 முதல் 10,000 வரை என்றால், இடம் தர முடியாதபோது வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம். ஓ.எஸ்.ஆர். நிலம் என்பது இதுதான். இந்த விதியே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2023 பிப்ரவரியில், விதி செல்லும் என்று தீர்ப்பு வந்துவிட்டது.

அப்படின்னா அது நம்ம நிலம். எங்கே இருக்கு? கட்டட அனுமதிக் கோப்பு எழும்பூரில் சி.எம்.டி.ஏ.விடம். தானப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில். காலிமனை வரிக் கணக்கு மாநகராட்சி வருவாய்த் துறையில், பூங்காக் கணக்கு இன்னொரு துறையில், சர்வே வரைபடம் வட்டாட்சியர் அலுவலகத்தில். ஒவ்வொருத்தரிடமும் ஒரு துண்டு. சர்வே எண்ணை வைத்து இவற்றைக் கோர்த்தால், மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று வார்டு வாரியாகப் பட்டியல் வந்துவிடும். கணினி இல்லாத காலத்தில் இது கஷ்டம், ஒத்துக்கலாம். இப்போ என்ன தடை?

முடியுமா என்று கேட்பவர்கள் கோட்டூர்புரம் போய்ப் பாருங்க. குப்பை கொட்டிக் கிடந்த சுமார் 20,000 சதுர அடி இடத்தில் 2020-இல் மாநகராட்சியே மியாவாக்கி காடு வளர்த்தது. நல்ல வேலை, பாராட்டுறோம். ஆனால் எந்த இடம் காடாகும் என்பதை அதிகாரிகள் மட்டுமே முடிவு செய்தால், அடுத்த அதிகாரி வந்ததும் வேகம் போயிடும். நியூயார்க்கில் 2011-இல் சில இளைஞர்கள் வேறு மாதிரி செய்தார்கள். நகராட்சியே வெளியிட்ட தரவை எடுத்து, புரூக்ளினில் 596 ஏக்கர் அரசு நிலம் சும்மா கிடப்பதைக் கண்டுபிடித்து, அந்தந்த மனையின் வேலியிலேயே "இது அரசு நிலம், கேட்க வேண்டியவர் இவர்" என்று பலகை மாட்டினார்கள். அதைப் படித்த அக்கம்பக்கத்தார் கேட்டு வாங்கித் தோட்டம் போட்டார்கள்.

தனியார் மனையைப் பறிக்கச் சொல்லவில்லை. உரிமையாளர் கட்டும் வரை சில வருஷம் தெருவுக்குத் தோட்டமாக விட்டால், காலிமனை வரியில் சலுகை கொடுங்க என்கிறோம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். காகிதத்தில் "காலி" என்று இருக்கும் இடத்தில் குடும்பங்கள் வாழ்ந்துகொண்டிருக்கலாம். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டது மறக்கக்கூடியதா? பசுமை என்ற பெயரில் கரையோர ஏழைகளைத் துரத்தும் பட்டியல் நமக்கு வேண்டாம். ஆள் குடியிருக்கும் இடத்தைப் பட்டியலிலேயே குடியிருப்பு என்று குறிக்கணும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, யாரும் கேட்காமலேயே தகவலை வெளியிடச் சொல்கிறது. எனவே மாநகராட்சியிடம் நாம் கேட்பது சலுகை இல்லை. வார்டு, சர்வே எண், பரப்பு, பத்திரத் தேதி, இப்போது அந்த இடம் யார் கையில். இந்த ஐந்தும் போதும்.

உங்க வார்டில் அடுத்த பகுதி சபை கூடும்போது எழுந்து நின்று கவுன்சிலரிடம் ஒரே கேள்வி கேளுங்க: "நம்ம வார்டு ஓ.எஸ்.ஆர். நிலம் மொத்தம் எத்தனை?" பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லி வாங்குங்க.

#காலிமனைப்பட்டியல்எங்கே