தாத்தா பெட்டியில் விமான லாக் புக் இருக்கா? பழைய பேப்பர் லோரிக்குப் போடும் முன் ஒரு நிமிஷம்!

"சூராட் காபார் லாமா..." பந்திங் தாமான்களில் இந்தக் குரல் கேட்டதும் வீட்டில் இருக்கும் பழைய பேப்பர் கட்டு வாசலுக்கு வந்துவிடும். அந்தக் கட்டுக்குள் கனமான அட்டை போட்ட ஒரு பழைய புத்தகம் இருக்கு என்று வைத்துக்கொள்வோம். உள்ளே வரிசையாகத் தேதி, விமானத்தின் எண், விமானியின் பெயர், பறந்த மணி, நிமிடம். கதையும் இல்லை, படமும் இல்லை. தூக்கிப் போடத்தான் தோன்றும்.

போடாதீங்க. இராணுவ விமானங்களின் பழைய லாக் புக்கை எதற்கு வைத்திருக்க வேண்டும், அதில் அப்படி என்ன மதிப்பு இருக்கிறது என்பதை இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

லாக் புக் ஒன்றா, மூன்றா?

நாம் பொதுவாக 'லாக் புக்' என்று சொன்னாலும், ஆகாயப் படையில் இது மூன்று வகை.

முதலாவது, ஆளுடையது. விமானியோ, வழிகாட்டும் நேவிகேட்டரோ தான் பறந்த ஒவ்வொரு பயணத்தையும் தன் கையால் எழுதி வைப்பார். சேவை முடிந்ததும் இது பெரும்பாலும் அவரோடு வீட்டுக்கு வந்துவிடும்.

இரண்டாவது, இயந்திரத்துடையது. விமானம் எத்தனை மணி நேரம் பறந்தது, எந்தப் பாகம் எப்போது மாற்றப்பட்டது, யார் சோதித்துக் கையெழுத்துப் போட்டார் என்ற விவரமெல்லாம் இதில் இருக்கும்.

மூன்றாவது, படைப்பிரிவுடையது. அன்றைக்கு எந்த விமானம், யார் யாரோடு, எங்கே போனது, திரும்பி வந்ததா இல்லையா என்ற தினசரிக் குறிப்பு.

கெரான் இல்லாத காரை வாங்குவீங்களா?

செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகிறீர்கள். கார் பளபளவென்று இருக்கு. ஆனால் கெரான் இல்லை, சர்வீஸ் புத்தகமும் இல்லை. வாங்குவீர்களா? விமானத்துக்கும் அதே கதைதான். பக்கத்தில் சிப்பாங் விமான நிலையத்தில் பராமரிப்பு வேலை பார்க்கும் நண்பர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஜெட் இயந்திரத்துக்குள் சுழலும் சில பாகங்களுக்கு ஆயுள் கணக்கு உண்டு. இத்தனை முறை இயக்கிய பிறகு, பார்க்க நன்றாக இருந்தாலும் கழற்றித்தான் ஆக வேண்டும். அந்தக் கணக்கு இரும்பில் தெரியாது, பதிவேட்டில் மட்டும்தான் தெரியும். பதிவேடு தொலைந்தால் நல்ல பாகத்தையும் நம்பிப் பொருத்த முடியாது.

இதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கு. அரச மலேசிய ஆகாயப் படையின் எஃப்-5 போர் விமானங்களுக்கான இரண்டு ஜே-85 இயந்திரங்கள் காணாமல் போன விவகாரம் 2009 டிசம்பரில் வெளியே வந்தது நினைவிருக்கலாம். சுங்கை பீசி தளத்திலிருந்து மறைந்த அவை கடைசியில் தென் அமெரிக்காவின் உருகுவே நாட்டில் இருப்பது தெரியவந்தது. இயந்திரங்களோடு அவற்றின் பராமரிப்புப் பதிவேடுகளும் சேர்ந்தே காணாமல் போயின என்று அப்போது வந்த செய்திகள் கூறின. பலர் இந்த விவரத்தைக் கவனித்திருக்க மாட்டார்கள். காகிதம் கூட இருந்தால்தான் அது இயந்திரம். இல்லையென்றால் வாங்குபவருக்கு அது வெறும் இரும்பு.

வால் எண்ணை வைத்தே கண்டுபிடிக்கலாமே?

முடியாது. இந்திய விமானப் படை 2018-இல் ஒரு பழைய டகோட்டாவைப் பெற்றுக்கொண்டது. பிரிட்டனில் பழுதுபார்த்துப் பறக்க வைக்கப்பட்ட அதற்கு 'பரசுராமா' என்று பெயர். அதன் வாலில் இருக்கும் எண் வி.பி. 905. ஆனால் இது அந்த எண்ணோடு பிறந்த விமானம் இல்லை. 1947-இல் ஸ்ரீநகருக்குப் படைவீரர்களை ஏற்றிச் சென்ற டகோட்டாக்களின் நினைவாக எழுதப்பட்ட எண் அது. இதில் தவறு எதுவும் இல்லை, மரியாதைக்காகச் செய்தது. ஆனால் பெயிண்டை யாரும் எப்போதும் மாற்றலாம். ஒரு விமானம் உண்மையில் எங்கே பறந்தது, யாரை ஏற்றியது என்பதற்குப் பதிவேடுதான் சாட்சி.

எட்டுப் பேர், 67 ஆண்டுகள்

விலையும் இயந்திரமும் ஒரு பக்கம். மனிதர்களுக்கு இந்தப் பதிவேடுகள் எவ்வளவு முக்கியம் என்பதைத் தெரிந்துகொள்ள நெகிரி செம்பிலான் காட்டுக்குப் போக வேண்டும்.

1945 ஆகஸ்ட் 15-இல் ஜப்பான் சரணடைவதாக அறிவித்தது. ஆனால் மலாயா காட்டுக்குள் இருந்த ஃபோர்ஸ் 136 குழுக்களுக்கு இன்னும் சாப்பாடும் மருந்தும் தேவைப்பட்டன. ஆகஸ்ட் 23-ஆம் தேதி, இந்தியப் பெருங்கடலில் உள்ள கோக்கோஸ் தீவுகளிலிருந்து பிரிட்டிஷ் விமானப் படையின் 356-ஆவது படைப்பிரிவைச் சேர்ந்த லிபரேட்டர் விமானம் ஒன்று, அந்தக் குழுக்களுக்கான பொருள்களோடு புறப்பட்டது. அதன் எண் கே.எல். 654. உள்ளே எட்டுப் பேர். விமானம் நெகிரி செம்பிலான் மலைக்காட்டில் விழுந்தது. யாரும் திரும்பவில்லை.

சிதைவுகளுக்குள் இருந்த உடற்பாகங்கள் 2009-இல்தான் மீட்கப்பட்டன. 2012 அக்டோபரில் அந்த எட்டுப் பேரும் கோலாலம்பூர் செராஸ் சாலைக் கல்லறையில் இராணுவ மரியாதையோடு நல்லடக்கம் செய்யப்பட்டனர். இடையில் 67 ஆண்டுகள்.

காட்டில் கிடக்கும் அலுமினியத்தில் யார் பெயரும் எழுதியிருக்காது. உடைந்த பாகத்தில் ஓர் எண் கிடைக்கலாம். அந்த எண்ணை எட்டுப் பெயர்களாக மாற்றித் தருவது படைப்பிரிவின் பதிவேடு. விமானியின் சொந்த லாக் புக்கில் எல்லா வரியும் அவர் கையெழுத்துதான். ஆனால் திரும்பி வராதவரின் புத்தகத்தில் கடைசி வரியை வேறு ஒருவர்தான் எழுத வேண்டியிருக்கும்.

பந்திங்குக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

மோரிப் கடற்கரைக்குப் போயிருப்பீங்க. 1945 செப்டம்பர் 9-ஆம் தேதி பிரிட்டிஷ் இந்தியப் படைகள் மலாயாவில் இறங்கிய இடங்களில் அதுவும் ஒன்று. ஆபரேஷன் சிப்பர் என்பது அதன் பெயர். இறங்கிய லோரிகளும் வண்டிகளும் சேற்றில் மாட்டிக்கொண்டன. சண்டை மட்டும் நடந்திருந்தால் பெரிய உயிர்ச்சேதம் ஆகியிருக்கும் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

முன்கூட்டியே விமானத்தில் வந்து கரையைப் படம் பிடிக்கவில்லையா? பிடித்தார்கள். சுமார் 1,800 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் கோக்கோஸிலிருந்தும் உளவு விமானங்கள் மலாயாவுக்கு வந்து போயின. ஆனால் வானத்திலிருந்து பார்த்தால் மணலும் ஈரச் சேறும் ஒரே மாதிரிதான் தெரியும். எந்த நாளில், எந்த நேரத்தில், அலை ஏறியிருந்தபோதா இறங்கியிருந்தபோதா படம் எடுத்தார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தேட ஆய்வாளருக்குத் தேதியும் நேரமும் போட்ட பதிவேடுகள் வேண்டும். நம்ம ஊர்க் கரையின் வரலாறு அப்படி யாரோ ஒருவருடைய லாக் புக்கில் ஒரு வரியாக இருக்கலாம்.

லாக் புக்கில் இருப்பதெல்லாம் உண்மையா?

அப்படியே நம்பவும் கூடாது. களைத்துப்போய் இறங்கியவர் பல நாள் கணக்கை ஒரே மூச்சில் எழுதியிருப்பார். ஊர்ப் பெயரில் எழுத்துப் பிழை இருக்கும். 'டி.என்.சி.ஓ.' என்று நான்கு எழுத்து மட்டும் இருக்கும். 'பணி நிறைவேறவில்லை' என்பது அதன் பொருள், காரணம் இருக்காது. இரகசியப் பயணம் என்றால் இடமே இருக்காது. அதனால்தான் ஆளின் புத்தகம், இயந்திரத்தின் புத்தகம், படைப்பிரிவின் புத்தகம் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். மூன்றில் ஒன்று இல்லாமல் போனால் மற்ற இரண்டின் மதிப்பும் குறைகிறது.

அரசாங்கங்களும் எல்லாவற்றையும் காப்பாற்றுவதில்லை. போருக்குப் பிறகு யாரும் கேட்டு வராத லாக் புக்குகளில் மாதிரிக்குச் சிலவற்றை வைத்துக்கொண்டு, மற்றவற்றை 1960 வாக்கில் பிரிட்டன் அழித்துவிட்டது. ஆகவே வீட்டில் இருக்கும் பிரதிதான் பல நேரங்களில் ஒரே பிரதி.

கிடைத்தால் என்ன செய்வது?

முதலில், பக்கத்துக்குப் பக்கம் போனில் படம் எடுங்கள். காலியாக இருக்கும் பக்கத்தையும் விடாதீர்கள். லேமினேட் செய்யாதீர்கள், கிழிந்த இடத்தில் டேப் ஒட்டாதீர்கள். உள்ளே செருகியிருக்கும் துண்டுச் சீட்டு, புகைப்படம் எதையும் இடம் மாற்ற வேண்டாம்.

அடுத்து, அது ஆளின் புத்தகமா, இயந்திரத்தின் புத்தகமா என்று பாருங்கள். விமானப் பராமரிப்புப் பதிவேடு என்றால் அது அரசாங்க ஆவணமாக இருக்கலாம். 2003-ஆம் ஆண்டு தேசிய ஆவணக் காப்பகச் சட்டப்படி பொது ஆவணத்தை அனுமதி இல்லாமல் அழிக்கக் கூடாது. விற்பதற்கு முன் கோலாலம்பூரில் இருக்கும் ஆர்கிப் நெகாராவிடம் கேட்டுவிடுங்கள்.

குடும்பத்தின் புத்தகம் என்றால் முடிவு உங்களுடையது. புகழ்பெற்ற விமானிகளின் லாக் புக்குகள் வெளிநாட்டு ஏலங்களில் ஆயிரக்கணக்கான பவுண்டுக்குப் போவது உண்மைதான். விற்பதாக இருந்தாலும் படம் எடுத்துக்கொண்டு, முழுப் புத்தகமாகக் கொடுங்கள். தனித்தனிப் பக்கமாகப் பிரித்து விற்றால் அதன் பயன் அங்கேயே முடிந்துவிடும்.

கடைசியாக ஒன்று. 1968 முதல் பறந்த நூரி ஹெலிகாப்டர்களுக்கு நம் ஆகாயப் படை 2020-இல் விடை கொடுத்துவிட்டது. அவற்றில் பறந்தவர்களும், ராத்திரி முழுக்க ஸ்பானர் பிடித்தவர்களும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். உங்கள் மாமாவோ பெரியப்பாவோ அவர்களில் ஒருவர் என்றால், இந்த வாரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். அதில் இருக்கும் சுருக்கெழுத்துகளுக்கு அர்த்தம் சொல்ல அவரால்தான் முடியும்.