கிணற்றுக்கு முன்பே காற்றைச் சோதியுங்கள்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ஃபேயட்வில் அருகே கேப் ஃபியர் ஆற்றங்கரையில் இருக்கிறது கெமோர்ஸ் ரசாயன ஆலை. அங்கிருந்து வெளியேறிய 'ஜென்எக்ஸ்' என்ற வேதிப்பொருள், ஆற்றின் கீழ்ப்போக்கில் உள்ள வில்மிங்டன் நகரின் குடிநீரில் கலந்திருப்பது 2017 ஜூனில் அம்பலமானது. எல்லோரும் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால், ஆலைக் கழிவுநீர் எட்டவே முடியாத, பல மைல் தள்ளியிருந்த வீட்டுக் கிணறுகளிலும் அதே பொருள் கிடைத்தது. எதிர்க்கரைக் கிணறுகளும் தப்பவில்லை.

கொண்டுபோய்ச் சேர்த்தது காற்று.

புகைபோக்கியிலிருந்து வெளியேறும் வாயு, காற்றின் ஈரம் பட்டதும் ஜென்எக்ஸாக மாறுகிறது. மழையோடு மண்ணில் இறங்கி நிலத்தடி நீரை அடைகிறது. 'பிஎஃப்ஏஎஸ்' எனப்படும் இந்த வேதிப்பொருள் குடும்பத்தில் கார்பன்-ஃப்ளோரின் பிணைப்பு மிக வலுவானது. மண்ணிலோ நீரிலோ அது எளிதில் சிதைவதில்லை.

ஆலை ஆண்டுக்கு எவ்வளவு ஜென்எக்ஸைக் காற்றில் விட்டது? நிறுவனம் முதலில் சொன்னது சுமார் 30 கிலோ. 2018-இல் மாநில அரசு மதிப்பிட்டபோது அது 1,200 கிலோவைத் தாண்டியது. ஆலையின் சொல்லை மட்டுமே நம்பியிருக்கும் கண்காணிப்பு எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. 2019-இல் நீதிமன்ற ஒப்புதலுடன் வந்த உத்தரவு 1.2 கோடி டாலர் அபராதம் விதித்தது. காற்றில் கலக்கும் ஜென்எக்ஸை 99 சதவீதம் குறைக்கவும் சொன்னது. வாயுக்களை உயர் வெப்பத்தில் எரித்து அழிக்கும் சாதனத்தை நிறுவனம் அதன் பிறகுதான் இயக்கியது.

புகைபோக்கியில் பிஎஃப்ஏஎஸ் பொருள்களை அளக்கும் முறைகளை அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2021-இலும் 2024-இலும் வெளியிட்டது. நல்ல தொடக்கம்தான். ஆனால் மக்கள் சுவாசிப்பது ஊர்க் காற்றை; அதில் இவை ஒரு கன மீட்டருக்குப் பிக்கோகிராம் அளவிலேயே இருக்கும். அவ்வளவு நுண்ணியதை அளப்பது செலவு மிக்கது என்று தட்டிக்கழிப்பதை ஏற்க முடியாது. கனடா அரசின் விஞ்ஞானிகள் 2004 இறுதியில் தொடங்கிய உலகளாவிய கண்காணிப்பு வலையமைப்பு, மின்சாரமே தேவைப்படாத நுரைத்தட்டுகளைக் கொண்டு வேலை செய்கிறது. அவற்றைச் சில மாதங்கள் வெட்டவெளியில் தொங்கவிட்டு, ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். பிசின் தூள் ஏற்றிய தட்டுகள் ஃப்ளோரின் சேர்மங்களையும் பிடித்துவைக்கின்றன.

இந்தியாவின் 2009 காற்றுத் தர நெறிமுறையில் 12 மாசுகள் இடம்பெற்றுள்ளன. பிஎஃப்ஏஎஸ் ஒன்றுகூட இல்லை. குஜராத்தின் தஹேஜ் போன்ற இடங்களில் ஃப்ளோரோபாலிமர் உற்பத்தி நடக்கும்போது இந்த இடைவெளியை நீடிக்கவிடக் கூடாது. ஆலை வேலியிலும் காற்று வீசும் திசையிலுள்ள முதல் ஊரிலும் இத்தகைய தட்டுகளைத் தொங்கவிட வேண்டும். மழைநீரையும் சோதிக்க வேண்டும். கிடைக்கும் எண்களை அந்த ஊராட்சி அலுவலகப் பலகையிலேயே ஒட்ட வேண்டும்.