வயலிலே கொட்டிய எரு வானத்துக்குப் போகலாமா?

தஞ்சைத் தரணியிலே கோடை நாட்களில் வண்டி வண்டியாகத் தொழுவுரம் வயலுக்குப் போவதைத் தோழர்கள் பார்த்திருப்பீர்கள். குப்பல் குப்பலாகக் கொட்டப்படும். கொட்டியது கொட்டியபடியே, மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வரும் வரை, வெயிலில் வாரக்கணக்கில் கிடக்கும். எரு போட்டாகிவிட்டது என்று உழவன் நிம்மதியாக இருக்கிறான். மண்ணுக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு?

கணக்குப் பார்ப்போம். நல்ல தொழுவுரத்தில் நூற்றுக்கு அரைப் பங்கு தழைச்சத்து உண்டு. ஏக்கருக்கு 5 டன் போட்டால் 25 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பதோ 21 கிலோவுக்கும் குறைவு! எருவிலுள்ள சத்து முழுவதும் உடனே பயிருக்குக் கிடைத்துவிடாது. மட்க மட்கத்தான் கிடைக்கும். ஆனால் பயிர் உடனே எடுக்கக்கூடிய பகுதி எதுவோ, அதுதான் முதலில் ஓடிப்போகிறது. அமோனியாவாகிக் காற்றில் கலக்கிறது. ஐஸ் தொழிற்சாலையில் உழைக்கும் தோழர்களுக்கு அந்த நெடியை நாம் விளக்க வேண்டியதில்லை. தொழுவத்தில் மூக்கைத் துளைப்பதும் அதேதான். நாற்றம் என்று முகம் சுளிக்கிறோம். பறப்பது உழவன் காசு!

மாடு கழிக்கும் தழைச்சத்தில் ஏறக்குறையப் பாதி மூத்திரத்தில் இருக்கிறது. அதை மண்தரை குடித்துவிடுகிறது. மிச்சம் குப்பைமேட்டுக்குப் போனால், அதன் சாற்றை மழை அடித்துப் போகிறது.

மணலியிலும் தூத்துக்குடியிலும் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து உரமாக்குவதற்குக் கடும் வெப்பத்தோடும் அழுத்தத்தோடும் தொழிலாளி மல்லுக்கு நிற்கிறான். 2022-23ஆம் ஆண்டில் மத்திய அரசின் உர மானியம் 2 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. அங்கே காற்றிலிருந்து பிடிக்கிறோம். இங்கே காற்றுக்கே விடுகிறோம்! இது என்ன பொருளாதாரம்?

மாற்று வழி மந்திரமல்ல. உழவு நாள் வரை எருவைக் குழியிலேயே நிழலில் வைத்து மண்ணால் மூட வேண்டும். வயலில் கொட்டிய அன்றே உழுது புதைக்க வேண்டும். சாணக் கரைசலை நிலத்தின் மேலே வீசி இறைப்பதை நெதர்லாந்து நாடு 1990களிலேயே சட்டம் போட்டுத் தடுத்தது. மண்ணுக்குள் செலுத்து என்றது.

இங்கே சட்டம் போட்டால் போதுமா? போதாது. உழவனுக்கு இது தெரியவில்லை என்று சொல்வாருண்டு. தெரிந்தும் என்ன செய்வான் குத்தகைக்காரன்? வண்டி கிடைக்கும் நாளில் ஆளில்லை; ஆள் கிடைக்கும் நாளில் டிராக்டர் வாடகைக்குப் பணமில்லை. காய்ந்து வெடித்த களிமண்ணை நினைத்த நாளில் உழவும் முடியாது. "இயற்கை உரம் போடு" என்று மேடைதோறும் உபதேசிப்பவர்கள் இந்தச் சங்கடத்தை ஒரு முறையாவது பேசியதுண்டா?

மாட்டுக் கொட்டிலுக்குச் சிமெண்டுத் தளம், மூத்திரம் வடியத் தொட்டி, எருக்குழிக்குக் கூரை, உழவு நாளில் குறைந்த வாடகைக்கு டிராக்டர். நாம் கேட்பது இவ்வளவே. மே 1ஆம் நாள் கிராமசபை கூடும். எரு வயலில் காய்ந்துகொண்டிருக்கும் காலம் அது. தோழர்கள் அன்று இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும்.