ஸ்டார் பிளேயருக்கும் முழங்கால் ரெண்டுதான்

கடந்த சனிக்கிழமை சாயங்காலம். தாம்பரம் கிளினிக். கடைசி டோக்கன்.

16 வயசு தம்பி. வலது முழங்காலில் கிரேப் பேண்டேஜ். நொண்டிக்கொண்டே உள்ளே வந்தான். பின்னாலேயே அப்பா.

"டாக்டர், நாளைக்குக் காலைல பாஸ்கெட்பால் ஃபைனல். ஒரே ஒரு வலி ஊசி மட்டும் போட்டு விடுங்க. மேட்ச் முடிஞ்சதும் நீங்க சொல்ற ஸ்கேன் எல்லாம் எடுத்துடறோம்."

"என்ன ஆச்சு தம்பி?"

"செமி ஃபைனல்ல குதிச்சு இறங்கும்போது உள்ள 'டப்'புனு ஒரு சத்தம் அங்கிள். ராத்திரிக்குள்ள வீங்கிடுச்சு. படி இறங்கினா கால் தனியா கழண்டு போற மாதிரி இருக்கு."

டப்பென்று சத்தம். சில மணி நேரத்தில் வீக்கம். கால் நழுவும் உணர்வு. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் எந்த மருத்துவருக்கும் முதலில் தோன்றுவது ஒன்றுதான். முழங்காலின் முன் சிலுவைத் தசைநார், அதாவது ஏசிஎல். நம்ம ஊர் மொழியில் "ஜவ்வு கிழிஞ்சிடுச்சு".

பரிசோதித்தேன். ஆட முடியாது என்றேன்.

அப்பா முகம் மாறிவிட்டது. "என் பையன் இல்லைன்னா அந்த டீமே இல்ல டாக்டர்" என்றார்.

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிவு. (அவர்கள் அனுமதியோடு, அடையாளங்களை மாற்றி எழுதுகிறேன்.)

"ஒருத்தன் இல்லைன்னா டீமே இல்ல" என்பதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். என்னைக் கேட்டால் அது அந்தப் பையனுக்குப் பாராட்டு இல்லை. அந்த டீமை உருவாக்கியவர்கள் மேல் வைக்கும் புகார்.

ஏன்? நம்ம ஊர் கதையையே எடுத்துக்கொள்வோம்.

தாம்பரத்தில் லோக்கல் டிரெய்ன் ஏறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, நேரு ஸ்டேடியத்துக்கு நடந்து போய் சென்னையின் எஃப்சி மேட்ச் பார்த்தவர்கள் இதைப் படிப்பவர்களில் நிறைய பேர் இருப்பீர்கள். அந்த டீமின் வரலாறே இதற்கு நல்ல பாடம்.

2014. ஐஎஸ்எல் முதல் சீசன். பிரேசிலின் எலானோ வந்தார். 8 கோல். அந்த சீசனிலேயே அதிக கோல் அவருடையதுதான். லீக் பட்டியலில் முதலிடமும் நமக்கே. ஆனால் அரையிறுதியில் கேரளாவிடம் தோற்று வெளியேறினோம்.

2015. இந்த முறை கொலம்பியாவின் மென்டோசா. 13 கோல். ஒரு கட்டத்தில் பட்டியலில் கடைசி இடத்தில் கிடந்த டீம், மீண்டு வந்து அரையிறுதிக்குள் நுழைந்தது. அப்போதுதான் வெள்ளம்.

டிசம்பர் 1, 2015 மறக்க முடியுமா? தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் தண்ணீருக்குள். அரையிறுதியின் ஹோம் மேட்ச்சை சென்னையில் நடத்தவே முடியவில்லை, புனேவுக்கு மாற்றினார்கள். அங்கே கொல்கத்தாவை 3-0 என்று ஜெயித்தார்கள். டிசம்பர் 20 அன்று கோவாவில் ஃபைனல். கடைசி நிமிடங்களில் 1-2 என்று பின்தங்கியிருந்து 3-2 என்று கோப்பை. வெற்றி கோலை அடித்தது மென்டோசாதான்.

"பாத்தீங்களா டாக்டர், ஸ்டார்தானே ஜெயிச்சுக் கொடுத்தார்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஸ்டார் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. கொஞ்சம் பொறுங்க.

2018 மார்ச் 17. பெங்களூரு, கண்டீரவா ஸ்டேடியம். எதிரே பெங்களூரு எஃப்சி. லீக்கில் முதலிடம். அவர்களிடம் மிக்கு 15 கோல், சுனில் சேத்ரி 14 கோல். நம்ம டீமில் அதிகபட்சமே ஜெஜெ அடித்த 9. காகிதத்தில் பார்த்தால் போட்டியே இல்லை.

9-வது நிமிடத்தில் சேத்ரி கோல் அடித்தார். முடிஞ்சது கதை என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அதன் பிறகு கார்னரில் இருந்து வந்த பந்தைத் தலையால் முட்டி இரண்டு கோல் போட்டவர் மெயில்சன் ஆல்வ்ஸ். யார் அவர்? தடுப்பாட்டக்காரர்! மூன்றாவது கோல் நடுக்கள ஆட்டக்காரர் ரஃபேல் அகஸ்டோ. 3-2. இரண்டாவது கோப்பை.

இனிதான் முக்கியமான விஷயம்.

அடுத்த சீசன், 2018-19. அதே கோச் ஜான் கிரிகரி. அதே ஜெஜெ. அதே மெயில்சன். ஆனால் சாம்பியன் டீம் 18 மேட்ச்சில் 2 மட்டுமே ஜெயித்து, 9 புள்ளியோடு கடைசி இடத்தில் முடித்தது. முந்தைய சீசனில் 9 கோல் அடித்த ஜெஜெ, இந்த சீசன் ஐஎஸ்எல்லில் அடித்தது ஒரே ஒரு கோல்.

ஒரே வருஷத்தில் ஜெஜெ ஆட்டத்தை மறந்துவிட்டாரா என்ன?

கேப்டன் செரேனோ போய்விட்டார். நடுக்களத்தில் ஓடி ஓடிப் பந்தைப் பிடுங்கிக் கொடுத்த நம்ம சென்னைப் பையன் தனபால் கணேஷ் காயத்தால் நீண்ட நாள் வெளியே. டிவியில் அதிகம் காட்டாத வேலையைச் செய்தவர்கள் இல்லாமல் போனதும், டிவியில் தெரிகிற ஆளுக்குப் பந்தே வரவில்லை. என் கருத்தில் அந்த வீழ்ச்சிக்கு இது பெரிய காரணம். பிறகு ஜெஜெவுக்கே முழங்கால் காயம். 2019-20 சீசனில் அவரால் ஆடவே முடியவில்லை.

உடம்பும் அப்படித்தான் நண்பர்களே. இதயத்துக்குத்தான் கவிதை எழுதுகிறோம். ஆனால் கிட்னி வேலையை நிறுத்தினால் பொட்டாசியம் ஏறி அந்த இதயமே நின்றுவிடும்.

இது சென்னைக்கு மட்டுமான கதையா? இல்லை.

பாரிஸ் டீம் பிஎஸ்ஜி. 2021-ல் இருந்து இரண்டு சீசன் மெஸ்ஸி, நெய்மர், எம்பாப்பே மூவரும் ஒன்றாக ஆடினார்கள். சாம்பியன்ஸ் லீக்கில் இரண்டு முறையும் ரவுண்ட் ஆஃப் 16-லேயே வெளியே. மூவரும் போன பிறகு, 2025-ல் ஃபைனலில் இன்டர் மிலனை 5-0 என்று அடித்து முதல் கோப்பையைத் தூக்கினார்கள். அதில் இரண்டு கோல் அடித்த டூவேவுக்கு வயசு 19.

பாஸ்கெட்பாலுக்கு வருவோம். இங்கே களத்தில் 5 பேர்தான். கால்பந்தில் 11 பேர். அதனால் பாஸ்கெட்பாலில் ஒரு ஸ்டாரின் பங்கு நிச்சயம் அதிகம். ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கணக்கைப் பாருங்கள்.

டென்வர் நகெட்ஸ் டீமின் நிகோலா யோகிச். 2021, 2022 இரண்டு வருஷமும் என்பிஏவின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான். கோப்பை? இரண்டு வருஷமும் இல்லை.

காரணங்களில் முக்கியமானது ஒரு முழங்கால். அவருடைய ஜோடி ஜமால் முர்ரேவுக்கு 2021 ஏப்ரலில் ஏசிஎல் கிழிந்தது. அடுத்த சீசன் முழுக்க அவர் ஆடவில்லை. கோடிக்கணக்கில் பணம் புரளும் லீக். பிளே ஆஃப் நடக்கிறது. "ஒரு ஊசி போட்டு இறக்கு" என்று யாரும் இறக்கவில்லை. சுமார் 18 மாதம் காத்திருந்தார்கள். 2022 அக்டோபரில் முர்ரே திரும்பினார். 2023 ஜூனில் டென்வர் வரலாற்றில் முதல் கோப்பை.

என்பிஏவே 18 மாதம் காத்திருக்கிறது. நாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காத்திருக்க மாட்டோமா?

இப்போது மருத்துவம்.

வலி ஊசி என்ன செய்யும்? வலியையும் வீக்கத்தையும் கொஞ்ச நேரம் அமுக்கும். கிழிந்த ஜவ்வை ஒட்டாது. வலி என்பது "நிறுத்துடா" என்று உடம்பு அடிக்கும் ஃபயர் அலாரம். ஊசி அந்த அலாரத்தின் வயரை மட்டும் பிடுங்குகிறது. நெருப்பு அப்படியே எரிகிறது.

ஏசிஎல் கிழிந்த காலோடு ஓடித் திரும்பினால் முழங்கால் நழுவும். அப்படி நழுவும்போது உள்ளே குஷன் மாதிரி இருக்கும் மெனிஸ்கஸ் நசுங்கிக் கிழியலாம். மெனிஸ்கஸ் போனால் மூட்டுத் தேய்மானம் சீக்கிரம் வரும். 60-ல் வர வேண்டிய மூட்டு வலி 35-லேயே வரும்.

"எக்ஸ்ரே நார்மல்னு சொன்னாங்களே டாக்டர்?" எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும். ஜவ்வு தெரியாது. அதற்கு எம்ஆர்ஐ வேண்டும். அதைவிட முக்கியம், கையால் பரிசோதிக்கும் எலும்பு மூட்டு மருத்துவர் வேண்டும்.

இன்னொன்று. மே மாத வெயிலில் தண்ணீர் வற்றிய உடம்போடு, வலி மாத்திரையும் போட்டு ஆடினால் கிட்னிக்கும் ஆபத்து.

இப்போது ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பல வருஷம் முன்னாடி. நான் படிப்பு முடித்த புதுசு. ஒரு டோர்னமெண்ட்டில் மெடிக்கல் டியூட்டி. காலேஜ் பெண்கள் பாஸ்கெட்பால் ஃபைனல். அந்த டீமின் ஸ்டார் பெண்ணுக்கு முழங்கால் வீக்கம். "டாக்டர், இவ இல்லாம நாங்க எறங்க முடியாது" என்றார்கள். அந்தப் பெண்ணும் "போடுங்க சார், நான் பாத்துக்கறேன்" என்றாள்.

போட்டேன்.

டீம் ஜெயித்தது. என் கையையும் பிடித்து குரூப் போட்டோவில் நிற்க வைத்தார்கள். கடைசி குவார்ட்டரில் அந்தப் பெண் விழுந்தபோது கேட்ட சத்தத்தை மட்டும் போட்டோவில் யாராலும் எடுக்க முடியவில்லை. அவள் அதற்குப் பிறகு போட்டிகளில் ஆடவே இல்லை. "நான் பாத்துக்கறேன்" என்று அவள் சொல்லலாம். அவளுக்கு 19 வயசு. எனக்கு எம்பிபிஎஸ் இருந்தது. முடியாது என்று சொல்ல வேண்டியவன் நான்.

அதனால்தான் சனிக்கிழமை அந்த அப்பா எவ்வளவு கெஞ்சியும் நான் ஊசியை எடுக்கவில்லை.

கோச்களுக்கும் பெற்றோருக்கும் சில வேண்டுகோள்.

1. "டப்" சத்தம், உடனடி வீக்கம், கால் நழுவுவது. இதில் ஒன்று இருந்தாலும் அன்றைய ஆட்டம் முடிந்தது. எண்ணெய் போட்டு உருவுவதும் வேண்டாம். ஐஸ், ஓய்வு, மருத்துவர்.

2. ஏசிஎல் அறுவை சிகிச்சைக்குப் பிறகு 9 மாதத்துக்கு முன்னால் போட்டிக்குத் திரும்பினால் மறுபடி காயமாகும் வாய்ப்பு அதிகம். "6 மாசத்துல நல்லா ஓடறான்" என்பது போதாது.

3. பெண் பிள்ளைகளுக்கு இந்தக் காயம் வரும் வாய்ப்பு ஆண்களைவிட இரண்டு மடங்குக்கு மேல். அவர்களுக்குத் தசைப் பயிற்சி கட்டாயம்.

4. ஃபிஃபாவின் "11 பிளஸ்" என்ற வார்ம் அப் இருக்கிறது. 15 பயிற்சிகள், 20 நிமிடம். ஒரு பந்து போதும், காசு வேண்டாம். வாரம் இரண்டு முறையாவது ஒழுங்காகச் செய்த டீம்களில் காயம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்திருக்கிறது. சேலையூரோ, குரோம்பேட்டையோ, மேடவாக்கமோ, எந்த கிரவுண்டிலும் செய்யலாம்.

5. 20 பாயிண்ட் லீடில் இருக்கும்போதும் ஸ்டாரையே ஆட விடாதீர்கள். பெஞ்சில் இருக்கும் பிள்ளையை இறக்குங்கள். கோப்பைக்கான டீமை ஃபைனல் அன்று உருவாக்க முடியாது. ஜெயித்துக்கொண்டிருக்கும் சாதாரண மேட்ச்களில்தான் உருவாக்க முடியும்.

சரி, அந்தத் தம்பி என்ன ஆனான்?

ஞாயிறு காலை ஊன்றுகோலோடு போய் பெஞ்சில் உட்கார்ந்து கத்தியிருக்கிறான். டீம் 6 பாயிண்ட்டில் தோற்றது. சினிமா மாதிரி ஜெயித்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஜெயிக்கவில்லை.

திங்கட்கிழமை எம்ஆர்ஐ. ஏசிஎல் முழுசாகக் கிழிந்திருக்கிறது. மெனிஸ்கஸ் இரண்டும் பத்திரம். எலும்பு மூட்டு மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறேன். ஒழுங்காக இருந்தால் அடுத்த வருஷம் ஆடுவான்.

ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே அப்பா சொன்னார். "இவன் எடத்துல ஒரு பத்தாவது படிக்கிற பையன எறக்குனாங்க டாக்டர். 11 பாயிண்ட் போட்டான். அவன் இவ்ளோ நல்லா ஆடுவான்னு எங்க யாருக்குமே தெரியாது."

எப்படித் தெரியும் சார்? அதுவரை அவனை யாரும் இறக்கவே இல்லையே.

இதை உங்க ஏரியா கோச்சுக்கும் பிள்ளைகளை கிரவுண்டுக்கு அனுப்பும் பெற்றோருக்கும் பகிருங்கள்.



பொது நல மருத்துவர்
தாம்பரம்