சொன்ன பேச்சு கேளாத நாய்!

எங்க திருநெல்வேலிப் பக்கம் ஆட்டை ‘வாரத்துக்கு’ வளர்க்கக் கொடுப்பார்கள். பிறக்கிற குட்டியில் வளர்க்கிறவருக்குப் பங்கு உண்டு. கணக்கு நேர்!

அமெரிக்காவில் நாய்க்குட்டியை இப்படிக் கொடுக்கிறார்கள். பங்குதான் கிடையாது! பார்வையற்றவர்களுக்காக வழிகாட்டி நாய் பழக்கும் ‘சீயிங் ஐ’, 1929-ல் ஆரம்பித்த நிறுவனம். 1942-லிருந்து குட்டிகளை வீடுகளில் விட்டு வளர்க்கிறது. இரண்டு மாதக் குட்டியாக வரும். ஒரு வருஷத்துக்கு மேல் சோறு போட்டு, செல்லம் கொஞ்சி, கடைசியில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அழுது முடித்த கையோடு அடுத்த குட்டியைக் கேட்டு வாங்குகிறவர்களும் உண்டு.

வழிகாட்டக் கற்றுத்தர தனியாகப் பயிற்சியாளர் இருக்கிறார். வளர்க்கிறவர் பழக்க வேண்டியது ஊரை! பஸ் ஹாரனுக்கு மிரளக்கூடாது. கூட்டத்தில் குரைக்கக்கூடாது. கண்டதைத் தின்னக்கூடாது. நம்ம ஊரென்றால், சாயங்காலம் கீழரத வீதி அல்வாக் கூட்டத்தை மூக்கைத் திருப்பாமல் தாண்ட வேண்டும். மனுஷனாலேயே முடியாது சார்!

பயிற்சியில் ஒரு பாடம் விசேஷம். எஜமானரே ‘போ’ என்றாலும், வண்டி வந்தால் நாய் நகரக்கூடாது. மேனேஜர் சொல்லை மீறினால் நமக்கு மெமோ. அதற்கோ, மீறத் தெரிந்தால்தான் உத்தியோகம்!

பாளையங்கோட்டைக்குப் பார்வையற்றோர் பள்ளி வந்தது 1890-ல். ஆனால், வழிகாட்டி நாயை நம்ம பக்கம் பார்ப்பது இன்றும் அபூர்வம். அதனால், வெள்ளைக் கம்போடு ஒருவர் ரோட்டோரம் நின்றால் அந்த வேலை நம்முடையது. கையைப் பிடித்து இழுக்காதீங்க. ‘கூட வரட்டுமா?’ என்று கேளுங்க. சரி என்றால், உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளட்டும். அரையடி முன்னால் நடங்க.

ஆபீஸுக்கு அஞ்சு நிமிஷம் லேட்டாகும். மெமோ வந்தால் வரட்டும்!